ஐந்தரை மணிப் பெரட்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பெரட்டுப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரு பக்கம் புரண்டிருந்தது.

மியூசியம் ஊழியர் கணேஸ்வரன் முதலில் ஏர்கோனின் குளிர்காற்றைச் சந்தேகித்தார். அரசாங்கக் கட்டடத்தில் எது நடந்தாலும் முதலில் ஏர்கோனைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது பதினெட்டு வருட சர்வீசில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கொசு போகக்கூட வழி கிடையாது. சாவி இரண்டுதான். ஒன்று கோலாலம்பூருக்குக் கோர்ஸ் போயிருந்த அதிகாரியிடம். இன்னொன்று கணேஸ்வரனின் இடுப்பில், பெல்ட்டுக்கு மேலே வழியும் தொப்பைக்கு அடியில், அவராலேயே குனிந்து பார்க்க முடியாத இடத்தில் பத்திரமாக இருந்தது.

மலாக்காவில் டச்சுக்காரன் கட்டிய பழைய கிடங்கு ஒன்றில் இயங்கிய அந்த வரலாற்று மியூசியத்தில் கீழ்த்தளம் முழுக்கப் பெரிய மனிதர்களின் சாமான்கள். சுல்தான்களின் கிரிஸ் கத்திகள், போர்ச்சுகீசியனின் துருப்பிடித்த பீரங்கி, கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சீனக் கிண்ணங்கள். மாடியில், படியேறி மூச்சு வாங்கி, கக்கூசையும் தாண்டிப் போனால் கடைசியாக வருவது ரப்பர்த் தோட்ட மக்களின் அறை. போன வருடம், தொண்ணூற்றைந்தில்தான் திறந்தார்கள். மஸ்ஜித் தானா பக்கம் பதினோராங்கட்டைத் தோட்டத்தை வீடமைப்புக்காரர்கள் வாங்கியபோது, மியூசியம் வேனில் போய் அங்கிருந்த சாமான்களை அள்ளிக்கொண்டு வந்தவர் கணேஸ்வரன்தான். ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள், மரம் சீவும் வெட்டுக்கத்திகள், நெற்றியில் கட்டும் விளக்குகள். ஆபீஸ் கொட்டகையில் கறையான் தின்றது போக மிஞ்சியிருந்த ஒரே ஒரு புத்தகம், ஐம்பத்து மூன்றாம் வருடத்துப் பெரட்டுப் புத்தகம். அவர் பிறந்த தோட்டம் அது. அவர் பிறந்த வீட்டின் மேல் இப்போது யாரோ இரட்டை மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசித்து, வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அதையே அந்த அறையில் பொம்மைகளாக நிறுத்தியிருந்தார்கள். பதினொரு பொம்மைகள். பைபர் கிளாஸ். மலாய் வீரர்களுக்காகச் செய்த அச்சு மிச்சமிருந்ததால் அதிலேயே வார்த்து, சப்பாத்துப் பாலிஷ் நிறத்தில் பூசி, ஆணுக்கு முண்டாசும் பெண்ணுக்குக் கைலியும் கட்டிவிட்டார்கள். பதினொரு பேருக்கும் ஒரே மூக்கு. ஒரே அம்மாவுக்குப் பிறந்த பதினொன்று, பாவம் அந்த அம்மா, என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பார். பின்சுவர் முழுக்க ரப்பர் காடு வரைந்திருந்தது, நிரை நிரையாக மரங்கள் இருட்டுக்குள் போய் மறைவது போல. ஜன்னல் கிடையாது. நீல பல்பு ஒன்றுதான். வெளியே மத்தியானம் மண்டையைப் பிளந்தாலும் அந்த அறைக்குள் எப்போதும் விடிகாலை ஐந்தரை.

புரண்டிருந்த பக்கத்தில் கிராணியின் சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில் பெயர்கள் இருந்தன. பிச்சைமுத்து. கருப்பாயி. பாக்கியலட்சுமி. நடுவில், காளியம்மா.

அவருடைய அம்மா.

ஒரு வருடமாகப் பெட்டியைத் துடைக்கிறார், அடுத்த பக்கத்திலேயே அம்மா இருந்திருக்கிறாள். பெயர்களுக்கு நேரே தேதிக் கட்டங்கள். வந்தவர்களுக்குக் கோடு, வராதவர்களுக்குச் சுழி. ஆனால் கடைசிக் கோடுகள் மற்றவை போலப் பழுப்பாக இல்லை. நீலமாக, ஈரமாக, பல்பு வெளிச்சத்தில் மினுங்கின.

கீழே காவலுக்கு இருந்த ரெஜினால்டிடம் சொன்னார். ரெஜினால்ட் நம்பாமல் சிரித்தான். பேய் வந்தாலும் மூணு பாரம் பூர்த்தி பண்ணாம உள்ள வர முடியாதுண்ணே என்றான். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, அன்றைக்கு முழுக்க மாடிக்குப் போகாமலிருக்கக் காரணங்கள் தேடினார்.

செவ்வாய்க்கிழமை மழை. மாலை ஐந்தரைக்கு அறையின் சுவிட்சை அணைக்கப் படியேறினார். கீழே மகள் கலைமகள் காத்திருந்தாள். சுங்கை ஊடாங்கில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஆபீசில் வேலை. கம்பெனி பஸ் மியூசியம் வாசலில் இறக்கிவிடும், அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் ஏறி அலோர் காஜா வீட்டுக்குப் போவாள். அம்மா இல்லாத பெண். இருபத்திரண்டு வயது. அவளைத் தவிர அவருக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரு பழைய யமஹா மட்டும்.

அறைக்குள் கால் வைத்ததும் வாடை வந்தது. புளித்த ரப்பர் பால், மண்ணெண்ணெய், மழையில் ஊறிய இலைச் சருகு, கழுவாத கைலி, வெற்றிலை எச்சில், எல்லாம் கலந்து, நாற்பது வருடத்துக்கு முன்பு அவர் மூக்கு அறிந்த அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பார்வையாளர்களுக்காக ஓடவிடும் சேவல் கூவும் டேப் அணைந்திருந்தது. இருந்தாலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு. நிறையப் பேர் குளிரில் நின்று விடும் மூச்சு.

பிறகு ஒரு குரல். சலித்த, தூக்கம் கலையாத, யாரையும் நிமிர்ந்து பார்க்காத குரல்.

பிச்சைமுத்து, என்றது.

இருக்கேன், என்று பதில் வந்தது. பொம்மைகளின் வாய் அசையவில்லை.

கருப்பாயி. இருக்கேன். பாக்கியலட்சுமி. இருக்கேன்.

காளியம்மா.

இருக்கேன். கீச்சென்று ஒரு சின்னக் குரல், பெண் குரல் போலப் பேசிக் காட்டும் ஒரு பையனின் குரல்.

அது கணேஸ்வரனுடைய குரல். அம்மா காய்ச்சலில் விழுந்து கிடந்த மூன்றாவது நாள், ஏழு வயதுப் பயல் ஓடிப்போய் வரிசையில் நின்று, முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு அம்மாவுக்காகப் பெயர் கொடுத்தான். பெரட்டே சிரித்தது. கிராணியும் உதட்டைக் கடித்துக்கொண்டு கோடு போட்டுவிட்டார். அந்தத் தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்காகவும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் பதில் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போகும், சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டும். அன்று அம்மாவைக் காப்பாற்றியது அவருடைய கோமாளித்தனம்தான். வாழ்நாள் முழுக்க ஒருவன் கோமாளியாக இருக்க அது ஒன்று போதாதா.

பெயர்கள் தீர்ந்தன. ஓடிவிடலாம் என்று திரும்பினார்.

கலைமகள், என்றது குரல்.

பதில் இல்லை. மழை மட்டும். மறுபடியும், கலைமகள். பிறகு பேனா தாளில் உரசும் சத்தம். ஒரு சின்ன வட்டம்.

எப்படி இறங்கினார், எப்படி மோட்டாரை ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. பின்னால் மகள் அவர் இடுப்பைப் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். மெதுவா போங்கப்பா, சொர்க்கத்துக்கு இன்னும் டிக்கெட் எடுக்கல லா, என்றாள். அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

புதன்கிழமை காலை, பட்டப்பகலில், ரெஜினால்டையும் கூட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். பட்டியலின் அடியில், பழுப்பு மையில், நாற்பது வருடம் அங்கேயே இருந்தது போல அவருடைய மகளின் பெயர். நேரே இரண்டு சுழிகள். திங்கள், செவ்வாய்.

ரெஜினால்ட் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டான். இன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள் அண்ணே என்றான். லீவு போட்டு என்ன, பெயர் இங்கே இருக்கிறதே என்றார் அவர். புத்தகத்தை எடுத்து எரித்துவிடலாமா என்று கேட்டான் ரெஜினால்ட். அரசாங்கச் சொத்து என்று கணேஸ்வரனின் வாய் தானாகவே சொன்னது. பதினெட்டு வருடப் பழக்கம். அதை நினைத்து அந்த நேரத்திலும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மகளின் ஆபீசுக்குப் போன் அடித்தார். மியூசியம் பக்கம் வராதே, ஊர் பஸ் பிடித்து நேராக வீட்டுக்குப் போ என்றார். மோட்டார் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவருடைய குரல் ஒரு மாதிரி இருப்பதாகச் சொன்னாள். சளி என்றார். சரிப்பா என்று வைத்துவிட்டாள். பிழைத்தோம் என்று நினைத்தார்.

அன்றைக்கு முழுக்க ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று மூன்றாவது நாள். வெட்டிவிடுவார்கள். லயத்து வீட்டிலிருந்தென்றால் ரோட்டுக்கு. உயிரோடு இருக்கும் பெண்ணை எங்கிருந்து, எங்கே வெட்டிவிடுவார்கள்?

ஐந்து மணிக்கெல்லாம் மேலே போனார். இந்த முறை புத்தகத்தை எடுத்துவிடத்தான். சாவியைத் திருகினார். மூடியைத் தூக்கினார். பக்கத்தைத் தொட்டார். தாள் ஈர மண்ணைப் போலச் சில்லிட்டிருந்தது. இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

நீல பல்பு மங்கியது.

வாடை.

மூச்சு.

பிச்சைமுத்து. இருக்கேன். கருப்பாயி. இருக்கேன்.

கண்ணை இறுக்கி மூடினார். காதைப் பொத்தினார். கைகளுக்குள்ளேயே கேட்டது. காளியம்மா. கீச்சுக் குரல், இருக்கேன். யாரோ சிரித்தார்கள். நாற்பது வருடத்துப் பழைய சிரிப்பு.

கலைமகள்.

காதை இன்னும் அழுத்திப் பொத்தினார்.

கலைமகள்.

பேனா நிமிர்ந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது.

முதல் முறையாக அந்தக் குரல் பெயர் அல்லாத ஒன்றைச் சொன்னது. "மூணு நாளாச்சு. வெட்டிடவா?"

யோசிக்க நேரமில்லை. யோசிக்கும் மனிதர் அங்கே நிற்கவும் இல்லை. நின்றது பதினோராங்கட்டைத் தோட்டத்துப் பிள்ளை. ஒரு பெயர் வெட்டுப்படப் போகிறதென்றால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான் செய்யத் தெரியும்.

"இருக்கேன்," என்றார் கணேஸ்வரன்.

ஐம்பது வயதுத் தொண்டையிலிருந்து மெல்லிய பெண் குரல் வந்தது.

பேனா இறங்கியது. கோடு. நீளமாக, நிதானமாக.

வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு பரவியது. யாருக்காகவோ வெகுநேரம் காத்திருந்து, ஆள் வந்துவிட்டது போல.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் பெயர் போயிருக்கும். இந்தப் புத்தகத்திலிருந்து அவள் பெயர் போயிருக்கும். அவ்வளவுதான். இவர்தான் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இங்கே இருக்கிறாள் என்று இவர்தான் வாயால் சொல்லியிருக்கிறார்.

"இல்ல," என்றார். "இல்ல, அது நான். நான்தான் பேசுனேன். வெட்டிடுங்க. அதை வெட்டிடுங்க."

கண்ணுக்குத் தெரியாத கிராணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

படியில் காலடி.

செருப்பில்லாத கால். ஒவ்வொரு படியாக. கீழேயிருந்து ரெஜினால்டின் குரல் மழைக்குள் கேட்டது. "அண்ணே, ஒங்களுக்கு ஒடம்பு முடியலன்னு பாப்பா பயந்து வந்துருச்சு. மேல அனுப்பியிருக்கேன்."

அவள் உள்ளே வந்தாள். ஆபீஸ் சட்டை. நனைந்த தலை. கண் திறந்திருந்தது, ஆனால் எதிலும் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போனாள். கையைப் பிடித்தார். விரல்கள் பாலில் நனைந்தது போல வழுக்கின. பிடி நிற்கவில்லை.

"கலை. அம்மா. வீட்டுக்குப் போலாம்மா."

வரிசையில் பாக்கியலட்சுமிக்கும் காளியம்மாவுக்கும் நடுவில் போய் நின்றாள். குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு நாள்கூட ஒரு தோட்டத்தையும் பார்க்காத பெண்.

அவர் குறுக்கே ஓடினார். பொம்மையின் மேல் மோதினார். பொம்மை அசையவில்லை. கத்தினார். சத்தம் வரவில்லை. ஆள் பிரித்தாகிவிட்டது. நிறையக் கால்கள் ஈர மண்ணில் கிளம்பும் ஓசை. பதினொரு பொம்மைகளும் நின்ற இடத்திலேயே நின்றன. கிளம்பியவள் அவள் ஒருத்திதான், சுவரைப் பார்த்து.

சுவரைத் தாண்டியும்.

கணேஸ்வரன் இரண்டு கையாலும் சுவரை அறைந்தார். காரைதான். பெயிண்ட்தான். தோல் உரிந்தது. உள்ளே, வரைந்து வைத்த மரங்களுக்கு நடுவில், ஓவியன் வரையாத சின்னச் சின்ன வெளிச்சங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு நெற்றி விளக்கு, ஆளுக்கொரு நிரை.

ஆகக் கடைசியாக ஒன்று. ஒரு மரத்தடியில் நின்றது, குனிந்தது, நிமிர்ந்தது. அடுத்த மரத்துக்குப் போனது. குனிந்தது. நிமிர்ந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் சின்னதாகிக்கொண்டே, ஒரு முறையும் திரும்பிப் பார்க்காமல், முடிவே இல்லாத அந்த நிரைக்குள் போய்க்கொண்டிருந்தது. அது விட்டுப்போன முதல் மரத்தில், சுவரின் மேல், அவருடைய முகத்துக்கு நேராக, பச்சை வெட்டிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்து சொட்டத் தொடங்கியிருந்தது.