அஞ்சுகம் போட்டுக்கொண்ட ஐந்நூறு திறவுகள்

காலைச் சாப்பாட்டு மணி அடித்ததும் அஞ்சுகம் துண்டும் கையுமாகப் போய்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தாள். எதிரே அவள் ஓரகத்தி சுடர்விழி கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கடியில் குடியேறிய பிறகு யாரும் வாயால் உண்பதில்லை. வாய் பேசுவதற்கு மட்டுந்தான். அந்த ஒரு வேலைக்கே அதற்கு நேரம் போதவில்லை.

தொட்டியில் இருப்பது நீர்த்த சத்துநீர். ஒவ்வொருவர் தோலிலும் செல் சவ்வுகளில் 'ஏற்றி' எனப்படும் நுண்புரதங்களைப் பதித்திருந்தார்கள். சத்து குறைவாக உள்ள நீரிலிருந்து, அது அதிகமாக உள்ள உடம்புக்குள் இழுத்து ஏற்றுவது அவற்றின் வேலை. மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போலத்தான். சாப்பிட்டு எழுந்தால் களைப்பில் கண் சொருகும்.

களைப்பை அஞ்சுகம் பொருட்படுத்தவில்லை. சுடர்விழியின் சிவந்த கன்னங்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரே தொட்டி, ஒரே நீர், இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த மினுமினுப்பு? அஞ்சுகத்துக்கு வயிறு எரிந்தது. வயிற்றுக்கு வேறு வேலையே இல்லாத காலம் அது.

காரணம் இருந்தது. வீட்டுக்கு ஒரு தாய்மை அனுமதி, அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை. இருவரில் எவள் உடம்பில் இரும்புச் சேமிப்பு அதிகமோ அவளுக்கே. அடுத்த முறை வரும்போது அஞ்சுகத்துக்கு வயது நாற்பத்தெட்டு ஆகிவிடும். அளவெடுக்க மூன்று வாரம்தான் இருந்தது.

அன்று மாலையே அவள் சவ்வு பழுதுபார்க்கும் ரஃபீக்கின் கடைக்குப் போனாள்.

"ஏத்தி கூடப் போடவாம்மா, இல்ல திறவு போடவா?" என்றார் அவர். "ஏத்தின்னா உங்க தெம்பைத் தின்னுதான் வேலை செய்யும். திறவு சும்மா திறந்து கிடக்கும். எந்தப் பக்கம் அதிகமோ அங்கேருந்து குறைஞ்ச பக்கத்துக்குத் தானா ஓடும். எதுக்கும் உங்க அளவைப் பாத்துட்டு..."

"என் அளவைப் பாத்து என்ன ஆகப்போகுது? அவளைப் பாருங்க, என்னைப் பாருங்க. என்கிட்ட ஒண்ணுமே இல்ல. இருக்கிற ஏத்தியை எடுத்துட்டுத் திறவே போடுங்க, ஐந்நூறு!"

மூன்று வாரமும் அஞ்சுகம் முதல் ஆளாக இறங்கிக் கடைசி ஆளாக எழுந்தாள். களைப்பே தெரியவில்லை. ஆனால் தலை சுற்றியது. சத்து ஏறுகிற மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அளவெடுத்த அன்று அனுமதி அலுவலகத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அலுவலர் ஹெப்சிபா முடிவைப் படித்தார். சுடர்விழி எழுபத்தொன்று. அஞ்சுகம் முப்பத்தாறு.

"அது எப்படி? நான் ஐந்நூறு திறவு போட்டிருக்கேன்!"

ஹெப்சிபா பழைய பதிவைத் திருப்பினார். "போன மாசம் உங்க அளவு எண்பத்தாறும்மா. இந்தக் குடியிருப்புலயே நீங்கதான் அதிகம். தொட்டித் தண்ணியில இருக்கிறதே நாலோ அஞ்சோதான். திறந்து விட்டா எந்தப் பக்கம் ஓடும்? உங்ககிட்டேருந்து வெளியே வந்ததை இவங்க ஏத்திங்க இழுத்துக்கிச்சு."

சுடர்விழிக்குக் கண் நிரம்பிவிட்டது. அனுமதிச் சீட்டை மறைத்துக்கொள்ள இடம் தேடினாள்.

"அக்கா, நான் நாப்பதுலதான் இருந்தேன். உங்க பக்கத்துல வெளுத்துத் தெரியக் கூடாதுன்னு தினமும் கன்னத்துல சாயம் பூசிக்கிட்டு வந்தேன். உங்களைப் பாத்துப் பொறாமைல ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்."

அஞ்சுகத்துக்கு அவளை அறையத் தோன்றியது. கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை.

"நீங்க கேட்டிருந்தா உங்க அளவை உடனே சொல்லியிருப்போமே" என்றார் ஹெப்சிபா, மெதுவாகத்தான். "யாருமே அதைக் கேக்கிறதில்ல."

தன்னுடைய எண்பத்தாறு ஒரு மாதத்துக்கு முன்புவரை தன்னிடமே இருந்தது என்பதை அஞ்சுகத்தால் ஜீரணிக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் அஞ்சுகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதவு மூடுவதற்குள் தலையை உள்ளே நீட்டினாள்.

"மேடம், இப்ப வெளிய வந்தாங்களே, அவங்களோட அளவு எவ்வளவு?"