கப்பல்துறையில் நின்ற ஜீப்

“நிற்பாட்டு மகன்... நிற்பாட்டு.”

கந்தளாய்ச் சந்தி. கொட்டுகிற மார்கழி மழையில், நடுவீதியில், குடையை நீட்டிப் பிடித்தபடி ஒரு வயதான பெண் நின்றாள். அஸீம் பிரேக்கை மிதித்தான். ஜீப் வழுக்கிக்கொண்டு போய், குடை நுனிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“வண்டிக்கு முன்னால இப்பிடியா பாயுறது மாமி? இது நேற்றுத்தான் வாங்கின வண்டி. இதின்ட குணம் எனக்கே இன்னும் தெரியாது.”

“நேற்று வாங்கினதா? பாத்தா என்னை விட வயசு போனதாக் கிடக்கு.”

பொய்யில்லை. உலக யுத்த காலத்தில் கப்பலில் வந்திறங்கிய ஜீப் அது. புது வாகனம் எதுவும் நாட்டுக்குள் வராத எழுபத்து மூன்றாம் ஆண்டு. சேற்று வயலுக்கும் காட்டு வழிக்கும் இதை விட்டால் வேறில்லை என்று தேடித் தேடி, பதுளையில் ஒரு தோட்டத்துக் கொட்டிலுக்குள் தூசி படிந்து கிடந்ததை வாங்கினான். மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை என்று நாட்டைக் குறுக்கறுத்துக் கிண்ணியாவுக்கு ஓட்டி வருகிறான். இருபத்தெட்டு வயதில் சொந்தமாய் ஒரு வண்டி... வழியெல்லாம் தானாகவே சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

“கிண்ணியாவுக்கா போறீங்க?”

இது வேறு குரல். கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றவள் மழைக்குள் இறங்கி வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குள் ஈரமே இல்லாத இரண்டு கண்கள்.

“ஓம்... கிண்ணியாதான்.”

“என்ட வாப்பா மௌத்து. இப்பதான் தந்தி வந்தது. பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கப் போறாங்களாம். றோட்டில வெள்ளம் எண்டு பஸ் ஓடல்ல. நான்... முகம் பாக்கோணும்.”

வகுப்பில் பாடம் வாசிப்பவளைப் போல ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திச் சொன்னாள். அவள் ஸல்ஹா. கந்தளாயில் ஆசிரியை. குடைக்காரி உம்மு குல்சும், ஸல்ஹா தங்கியிருக்கும் வீட்டுக்காரி. பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே புறப்பட்டவள்.

“ஏறுங்க டீச்சர்.”

உம்மு குல்சும் முந்திக்கொண்டு இடப்பக்கம் போய் ஏறப் பார்த்தாள்.

“அது என்ட இடம் மாமி. இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.”

“பிழையான பக்கத்தில கிடக்குதே. வித்தவன் இதைச் சொல்லல்லயா?”

ஸல்ஹாவின் உதடு அசைந்தது. மறுகணம், இன்றைக்குப் போய்ச் சிரிக்கப் பார்த்தேனே என்று அந்த உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் அஸீம் அதைக் கண்டான். காணாதவன் போல வீதியைப் பார்த்தான்.

வீதி எங்கே தெரிந்தது... இரு பக்கமும் வயல் நிரம்பி, தண்ணீர் தாருக்கு மேலால் ஓடியது. ஜீப் முனகியபடி அதைக் கடந்தது.

“எத்தனை மணிக்குப் போய்ச் சேருவம்?”

“மூண்டு மணிக்கு முதல் வீட்டு வாசல்ல இறக்குவன். நம்புங்க.”

“உங்களையா, வண்டியையா?”

“ரெண்டையும்தான் டீச்சர்.”

பிறகு அவளாகவே கதைத்தாள்.

“என்னைப் படிக்க அனுப்பினதுக்கு ஊரெல்லாம் கதைச்சது. வாப்பா ஒருத்தருக்கும் மறுகதை சொன்னதில்ல. திங்கட்கிழமை விடிய என்ட பெட்டியத் தூக்கிக்கொண்டு துறை வரைக்கும் வருவார். போன திங்களும் வந்தவர்... நான் பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு திரும்பிப் பாக்காமலே ஏறிட்டன்.”

அஸீம் வேகத்தைக் கூட்டினான். அது ஒன்றுதான் அவனால் முடிந்தது. அதுவே பிழையாயிற்று.

கப்பல்துறைக்கு வந்ததும் முன்மூடிக்குள்ளிருந்து வெண்புகை சீறிக்கொண்டு வந்தது. ஜீப் நின்றது.

“கொதிச்சிட்டுது... தண்ணி ஊத்தி, சூடு ஆறினாச் சரி. பத்து நிமிஷம் டீச்சர்.”

“நான் தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்” என்று உம்மு குல்சும் ஒரு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீதியோரத்தில் இருவர் மட்டும். மழை தூறலாய் மெலிந்திருந்தது. ஸல்ஹா வீதிக்கு முதுகு காட்டி, சூடு தணியாத இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள்.

“இதுவும் பாவம்” என்றாள். “ஏலாத வயசில இவ்வளவு தூரம் ஓட்டிட்டீங்க.”

அந்த நேரம் பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. சீமெந்து ஏற்றிய லொறி. அஸீமுக்கு அதைத் தெரியும். கிண்ணியா லொறி. முன்னால் இரண்டு பேர் இருக்க இடமும் இருந்தது. கையைத் தூக்கினால் நிற்கும்.

‘மூண்டு மணிக்கு முதல் எண்டு சொன்னனே... வண்டி வாங்கின மறுநாளே நடுறோட்டில நிண்டு லொறிக்காரனைக் கூப்பிட்டானாம் எண்டு ஊர் சிரிக்குமே... இன்னும் அஞ்சு நிமிஷம்தானே...’

அதற்கும் அடியில் வேறொரு நினைவு இருந்தது. இவள் இறங்கிப் போய்விடுவாளே...

லொறி கடந்து போனது. அவன் கை எழவில்லை.

பத்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. உம்மு குல்சும் தன் முந்தானையைக் கிழித்துக் கொடுக்க, சுற்றிக் கட்டி ஒருவழியாய்ப் புறப்பட்டார்கள். சீனக்குடாவையும் வெள்ளைமணலையும் கடந்து துறைக்கு வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. வண்டியையும் ஆளையும் ஒன்றாய் ஏற்றி அக்கரை சேர்க்கும் பெரிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அது திரும்பி வருவதைப் பார்த்தபடி ஸல்ஹா நின்றாள். அக்கரையிலிருந்து அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நீரின் மேலால் மிதந்து வந்தது.

ஏறி, நடுத்துறை வந்த பிறகுதான் பாதைக்காரர் ஜவாஹிர் அவளிடம் வந்தார்.

“மகள்... அடக்கியாச்சு. மழை திரும்பக் கறுக்குதெண்டு கொஞ்சம் முந்தி எடுத்திட்டாங்க.”

அவள் தலையாட்டினாள். உம்மு குல்சும் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வழியெல்லாம் காய்ந்திருந்த கண்கள் அப்போதுதான் நனைந்தன.

ஜவாஹிர் அஸீமின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்: “இதுக்கு முதல் நடையில வந்திருந்தா முகம் கண்டிருக்கலாம் தம்பி. ஒரு சீமெந்து லொறி மட்டும்தான் வந்தது.”

வீட்டில் அஸீமின் உம்மா பரீதா ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “மாஷா அல்லாஹ்... உறுதியான வண்டி.” அவன் சாவியை ஆணியில் கொளுவிவிட்டுப் போய்ப் படுத்தான்.

மாதங்கள் போயின. திங்கட்கிழமைகளில் துறையில் ஸல்ஹாவைக் காண்பான். பெட்டியைத் தானே தூக்கி வருவாள்.

“சுகமா டீச்சர்?”

“ஓம். உங்கட கிழட்டு வண்டிக்குச் சுகமா?”

“இப்ப கொதிக்கிறல்ல.”

அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஒரு கேள்விக்காகவே அவள் பாதையின் முதல் நடையை விட்டு இரண்டாம் நடைக்கு நிற்கத் தொடங்கினாள். அதற்கு அவனும் வந்துகொண்டிருந்தான்... அந்தக் கண்கள் சிரிக்கும்போதெல்லாம் அவனுக்குள் அந்த லொறி கடந்து போகும்.

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவை ஸல்ஹாவின் உம்மா இருந்து முடித்தாள். வைகாசியில், பெண் வீட்டார் கேட்டு வருகிற எங்கள் வழக்கப்படி, அவளுடைய மாமா அபூதாஹிர் அஸீமின் வீட்டுக்கு வந்தார். அஸீம் தலையைக் குனிந்தபடி “இப்ப கலியாணம் வேண்டாம்” என்றான்.

அவர் போன பிறகு உம்மா பரீதா குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

“அந்தப் பிள்ளையில என்ன குறை கண்டனி?”

“குறை அவங்களில இல்ல உம்மா.”

அடுத்த திங்கள், துறை. ஸல்ஹா நேரே ஜீப்பிடம் வந்தாள். ஸல்ஹாவின் உம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்த உம்மு குல்சும் கூட வந்தாள். நாலடி தள்ளி நின்று குடையை மடிப்பதும் விரிப்பதுமாய் இருந்தாள்.

“மாமா திரும்பி வந்த நாளில இருந்து உம்மா சாப்பிடல்ல” என்றாள் ஸல்ஹா. “வேண்டாமெண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா ஏனெண்டு எனக்குச் சொல்லோணும். துறையில கேட்ட சுகமெல்லாம் என்ன கதை?”

அஸீம் கீழே இறங்கி நின்றான். அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

“அண்டைக்குக் கப்பல்துறையில ஒரு லொறி போனது... கிண்ணியா லொறி. கையக் காட்டினா நிண்டிருக்கும். நான் காட்டல்ல.”

ஸல்ஹா பெட்டியை மறு கைக்கு மாற்றினாள்.

“புதுவண்டிப் பெருமை. அது பாதி. மற்றப் பாதி... நீங்க இறங்கிப் போயிடுவீங்க எண்டு. உங்கட வாப்பாட முகத்த நான்தான் உங்களிட்ட இருந்து பறிச்சனான். அந்தக் கையால எப்பிடி உங்களக் கைபிடிக்கிறது?”

பாதை இக்கரையில் வந்து முட்டியது. சனம் இறங்கியது. அவள் ஏறப் போகவில்லை.

“அந்த லொறிய நானும் கண்டனான்” என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

“சத்தம் கேட்டுத் திரும்பினன். கிண்ணியா லொறி எண்டு எனக்கும் தெரியும். நானும் கை காட்டல்ல... போய்ச் சேந்தா வாப்பா மௌத்துத்தான். வழியில நிக்கிற மட்டும் அவர் வீட்டில இருக்கிறார் போலக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம்... இன்னும் கொஞ்ச நேரம் எண்டு நிண்டிட்டன். இத நான் உம்மாக்கும் சொல்லல்ல.”

அஸீம் அந்தக் கண்களை இப்போதுதான் முழுதாய்ப் பார்த்தான். இத்தனை மாதம் தான் மட்டும் சுமந்ததாய் நினைத்தது... அங்கேயும் இருந்தது.

“உங்கள எனக்குப் பிடிக்கும்” என்றான். “அண்டைக்கு நீங்க மழைக்குள்ள இறங்கி வந்த நேரத்தில இருந்தே.”

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “தெரியும்” என்றாள், கேட்கும் கேட்காமலும். “மாமாவத் திரும்ப அனுப்பட்டா?”

“வேண்டாம். அவர் ஒருக்கா நடந்தது போதும். நானே வாறன். அதுக்கு முதல் வாப்பாவ அடக்கின கபுறடிக்குப் போகோணும். அவரிட்டயும் இதச் சொல்லோணும்.”

ஸல்ஹா பெட்டியைக் கீழே வைத்தாள்.

“சொல்லுங்க... நாங்க பொம்புளைகள் அங்க போறல்ல. என்டதையும் சேத்துச் சொல்லுங்க.”