உள்ளங்கை ஈரம்

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் தம்பி. கேக்கட்டுமா?"

"வேணாம்க்கா."

"என்னன்னு தெரியாமலே வேணாங்கறியே."

"தெரியும். பதினோரு வருஷமாத் தெரியும். எந்த மண்ணுல புதைக்கணும்னு கேப்ப. எனக்கு அதைக் கேக்கத் தெம்பு இல்ல."

அனார்குல் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத சிரிப்பு. நரின் நகரத்து மருத்துவர்கள் கையை விரித்துவிட்ட பிறகு, பெற்றவர்களின் வீட்டில் கண்ணை மூடட்டும் என்று மெலிஸ் அவளைச் சிற்றுந்தில் ஊருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தான். கடைக்குட்டி என்பதால் அந்த வீடு அவனுக்கு வந்திருந்தது.

"நீயா ஒண்ணை நெனச்சுக்கற," என்றாள். "நம்பறது தண்ணி குடிக்கற மாதிரிடா. தாகம் அவங்கவங்களுக்கு. எனக்காக நீ குடிச்சா என் தொண்டை நனையுமா?"

"மெதுவாப் பேசு. முன்னாடி நம்ம ஊர்க்காரங்க உட்காந்திருக்காங்க."

அவள் பேச்சை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மலைகளின் மேல் முதல் பனி விழுந்திருந்தது.

அந்தப் பேச்சுதான் மெலிஸின் நினைவில் ஓடியது, அவள் இறந்த முப்பத்தொன்பதாம் நாள் தோளில் மாவு மூட்டையோடு தன் வீட்டு வாசலில் நின்றபோது. மணி நாலுதான். அதற்குள் மலை நிழல் முற்றத்தை விழுங்கியிருந்தது. எப்போதும் துள்ளி வரும் நாய் அவனுடைய வலது கையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது.

அவன் மூச்சை இழுத்துப் பார்த்தான். எண்ணெய் வாசனை இல்லை.

இறந்தவர்கள் வீட்டில் நாற்பது நாள்வரை வியாழக்கிழமைதோறும் எண்ணெய் காய்ச்சி போர்சோக் பொரிப்பார்கள். மாவுத் துண்டுகள் பொரிகிற வாசனை மேலே போய்ச் சேர்ந்தால்தான் போன உயிருக்குப் பசியாறும். நாளை நாற்பதாம் நாள் விருந்து. ஊருக்கே பொரிக்க வேண்டும். தெருமுனையிலேயே வாசனை மூக்கைத் துளைத்திருக்க வேண்டும்.

சமையல் கொட்டகைக்குள் அவன் மனைவி ஜிபெக் கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் தளதளவென்று கொதித்தது. போர்சோக்குகள் பொன்னிறமாக மிதந்தன.

"மூணு மணி நேரமாப் பொரிக்கிறேன்," என்றாள் அவள், திரும்பாமலே. "மணக்குதான்னு பாருங்க."

அவன் கொப்பரை மேல் குனிந்தான். ஆவி முகத்தில் அடித்தது.

வாசனையே இல்லை.

வீட்டுக்குள்ளிருந்துதான் ஒரு வாடை வந்தது. நனைந்த பஞ்சின் வாடை.

அந்த வாடையை மெலிஸுக்குத் தெரியும்.

பதினோரு வருடங்களுக்கு முன் நரினில் ரொட்டிக்கடை வேலைக்குப் போன அனார்குல், அங்கே கிறிஸ்தவர்கள் கூடும் ஒரு வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்து ஈசாவை நம்பத் தொடங்கினாள். சேதி ஊருக்கு வந்த அன்று யாரோ இந்த வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். ரெண்டு மூட்டை மாவுக்கு மார்க்கத்தை வித்தவள் என்று பெரியப்பா சாதிர் சந்தையில் வைத்து அவளை ஏசினார். அவள் அசரவில்லை. மாவு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ரொட்டியாவது சுட்டிருப்பேன் என்றாள். என் பாவத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் என் மீட்பையும் நான்தான் கேட்க வேண்டும் என்றாள். அதன்பிறகு ஊரில் ஒருவரும் அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை.

அவள் சாகக் கிடந்தபோது பெரியப்பா மெலிஸிடம் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசி மூச்சில் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவைச் சொன்னால் ஏழு தலைமுறைப் பெரியவர்களோடு மையவாடியில் இடம். சொல்லாவிட்டால் ஊர் எல்லைக்குள் ஒரு முழம் மண்கூடக் கிடையாது, மீறிப் புதைத்தால் தோண்டி வெளியே போடுவோம். ஓநாய்கள் பார்த்துக்கொள்ளும்.

அன்று விடியற்காலை. அறைக்குள் அக்காவும் தம்பியும் மட்டும். ஜன்னலுக்கு வெளியே பெரியப்பாவும் இன்னும் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மெலிஸ் கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் பிழிந்தான். காதருகே குனிந்து கலிமாவைச் சொன்னான். தண்ணீரை அவள் விழுங்கினாள். வார்த்தையை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல, தணிந்த குரலில், தன் ஈசாவின் பெயரைச் சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தாள்.

"தம்பி... ஒண்ணே ஒண்ணு..."

வெளியே காலடிகள் ஜன்னலை நெருங்கின.

மெலிஸ் தன் வலது உள்ளங்கையை அவள் வாய்மேல் வைத்து அழுத்தினான்.

ஒரு நொடிதான் என்று இன்றுவரை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அந்த நொடியில் ஒரு மூச்சு சூடாக அவன் உள்ளங்கையில் பட்டது.

இரண்டாவது மூச்சு வரவில்லை.

எழுந்து வெளியே போய், "சொல்லிட்டாங்க," என்றான். "நாக்கு புரண்டுச்சு. கலிமா சொல்லிட்டாங்க."

பெரியப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியது. பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இவள் எப்படிப்பட்டவள் என்று முல்லா வழக்கப்படி ஊரைக் கேட்டபோது, நல்லவள் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. கல்லெறிந்த கையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து மெலிஸின் வலது உள்ளங்கை காயவே இல்லை. துடைக்கத் துடைக்க ஈரம் கசிந்தது. கையுறைக்குள் அது பனியாய் உறைந்தது. கழற்றினால் உள்ளங்கை மட்டும் கதகதவென்றிருந்தது, யாரோ மிக அருகில் வாயை வைத்து மூச்சு விடுவதுபோல.

எட்டாம் நாள் துணி வந்தது.

பிணத்தைக் குளிப்பாட்டியபோது தாடையைக் கட்ட ஜிபெக் தன் நீலக்கரைத் தலைத்துணியைக் கிழித்துக் கொடுத்திருந்தாள். பாதி குழிக்குள் போனது. மறுபாதி பெட்டிக்குள் இருந்தது. எட்டாம் நாள் காலை, குழிக்குள் போன பாதி அடுப்புக்கு மேலே உள்ள கொடியில் தொங்கியது. சொட்டச் சொட்ட ஈரம். போட்ட முடிச்சு அவிழவில்லை. தலையிலிருந்து அப்படியே உருவி எடுத்ததுபோல வட்டமாகத் தொங்கியது.

ஜிபெக் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மறுபாதி இருந்தது.

மெலிஸ் கொடியில் தொங்கியதை எடுத்து அடுப்பில் போட்டான். பதினைந்தாம் நாள் மறுபடி வந்தது. இருபத்திரண்டாம் நாளும்.

இதையெல்லாம் நினைத்தபடி அவன் கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் முல்லா ஒமுர் குரல் கொடுத்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். மறுநாள் விருந்துக்கு எத்தனை பேர் என்று கேட்டார். தேநீர் வேண்டாம் என்றார். போகத் திரும்பியவர் தயங்கி நின்றார்.

தினமும் உன் அக்கா கபரில் போய் ஓதுகிறேன், என்றார். நான் ஓத ஆரம்பித்ததும் கீழேயிருந்து ஒரு சத்தம் வருகிறது. வாயைப் பொத்திய ஆள் பேச முயற்சி செய்வதுபோல. முதலில் காற்று என்று நினைத்தேன். காற்று இல்லை.

"மெலிஸ், நான் பொய்யைக் கேக்கல," என்றார். "அன்னிக்கு அவங்க என்ன சொன்னாங்கன்னுதான் கேட்டேன். நீ சொன்னதை நம்பித்தான் தொழுகை நடத்தினேன். இப்பவும் அதையேதான் கேக்கறேன். என்ன சொன்னாங்க?"

மெலிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கலிமாதான் முல்லா."

சுரீரென்று வலது கையில் வலி பிடுங்கியது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். முல்லா போனபிறகு விளக்கடியில் விரித்துப் பார்த்தான்.

உள்ளங்கை நடுவில் பல் பதிந்திருந்தது. மேல்வரிசையில் ஓர் இடம் காலி.

ஜிபெக்கும் பார்த்தாள். நாத்தனாரோடு அவளுக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. உங்க அக்கா வந்தால் என் பாத்திரத்தைத் தனியாக வைத்துவிடுவேன் என்று சண்டை போட்டவள்தான். இப்போது அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"சொல்லிடுங்க."

"சொன்னா தோண்டி எடுத்துடுவாங்க ஜிபெக். வெளியில போட்டுடுவாங்க."

"இப்ப மட்டும் அவங்க உள்ளயா இருக்காங்க?"

வீட்டுக்குள் சுவருக்கு அந்தப் பக்கம், அக்கா கிடந்த அறையில், யாரோ மூக்கால் முனகும் சத்தம் கேட்டது.

ம்ம்... ம்ம்...

இருவரும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தே விடிய வைத்தார்கள்.

மறுநாள் நடுப்பகல். வெயில் பனிமேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பெரிய அறையில் நீள விரிப்பைச் சுற்றி ஐம்பது அறுபது ஆண்கள் சம்மணமிட்டிருந்தார்கள். போர்சோக் குவியல்கள், ஆட்டுக்கறித் தட்டுகள், தேநீர்க் கிண்ணங்கள். யாரும் அதிகம் சாப்பிடவில்லை. கறியில் வாசனையே இல்லையே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். இன்னொருவர் மூக்கைச் சுளித்து, எங்கேயோ ஈரப் பஞ்சு நாறுகிறது என்றார்.

அறையின் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த பெரியப்பா சாதிர் தொண்டையைச் செருமினார். வழி தவறினாலும் கடைசியில் நம்ம ரத்தம் திரும்பி வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். தம்பி காதால் கேட்ட சாட்சி என்றார். பிறகு முல்லா ஓதி முடித்து, துஆவுக்குக் கைகளை ஏந்தினார். அறை முழுக்க உள்ளங்கைகள் விரிந்தன.

"ஆமீன்."

எல்லோரும் இரு கைகளாலும் முகத்தைத் தடவி இறக்கினார்கள்.

மெலிஸும் தடவினான். இடது கை இறங்கியது.

வலது கை இறங்கவில்லை.

அது அவன் வாய்மேல் ஒட்டிக்கொண்டு நின்றது.

இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இன்னும் இறுகியது. பக்கத்தில் இருந்தவர் முதலில் அவன் அழுகிறான் என்று நினைத்தார். பிறகு அவன் கண்கள் பிதுங்குவதைப் பார்த்துக் கத்தினார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவனுடைய சொந்தக் கை அவன் மூக்கையும் சேர்த்து அமுக்கியது. உள்ளங்கைக்குள் குளிர்ந்த உதடுகள் அவன் உதடுகளோடு பொருந்திக் கிடந்தன.

ம்ம்... ம்ம்...

வாய் பொத்தப்பட்டவள் கடைசியாகப் பட்ட பாடு என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

சொல்கிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினான். சொல்லிவிடுகிறேன் அக்கா.

கை சட்டென்று விடுபட்டு விரிப்பின்மேல் விழுந்தது.

மெலிஸ் குனிந்து காற்றை இழுத்தான். தேநீர்க் கெண்டியோடு கதவருகே நின்ற ஜிபெக்கைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

"அக்கா கலிமா சொல்லல," என்றான். "அவங்க ஈசாவைத்தான் கூப்பிட்டாங்க. நான் வாயைப் பொத்தினேன். பொத்தின கைக்குள்ளதான் செத்தாங்க. உங்களுக்குப் பயந்து பொய் சொன்னேன். எனக்கும் பயந்துதான்."

பெரியப்பா எழுந்து நின்றார். மண்வெட்டியை எடுங்கடா என்றார். நாலைந்து பேர் எழுந்தார்கள். சிலர் எழாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முல்லா ஒமுர் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். பொய்ச் சாட்சி சொன்னவன் உயிரோடு இருக்கிறான், அவனை விட்டுவிட்டுச் செத்தவளைத் தண்டிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். பிறகு மெலிஸின் பக்கம் சாய்ந்தார்.

"பொத்தறப்ப அவங்க என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியாது முல்லா. ஒரு தடவைகூடக் கேக்கவே விட்டதில்ல. எங்க புதைக்கணும்னு கேப்பாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

அவன் வலது கை விரிப்பின்மேல், போர்சோக் குவியலுக்குப் பக்கத்தில், மல்லாந்து கிடந்தது. அதை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அறை குளிர்ந்துகொண்டே வந்தது. எழுந்து நின்றவர்களின் வாயிலிருந்து ஆவி புகைந்தது.

உள்ளங்கையிலிருந்தும் ஆவி புகைந்தது.

ஒரு மூச்சு.

நாற்பது நாள் கழித்து, இரண்டாவது மூச்சு.

பெரியப்பா பின்னால் நகர்ந்து சுவரில் மோதிக்கொண்டார். முல்லாவின் உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அனார்குலின் குரல், அவசரமே இல்லாமல், கோபமும் இல்லாமல், பதினோரு வருடம் காத்திருந்ததைக் கேட்டது:

"மண்ணு எதுவா இருந்தா என்ன தம்பி. ஊரையும் விடு, என்னையும் விடு. நீ யாரை நம்புற? ஒரே ஒரு தடவை, உன் வாயால சொல்லு."