ஆறு மணி மௌனம்

மௌனத்தின் நடுவில் யாரோ மூச்சு இழுத்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த மூச்சு ஈரமாக இருந்தது. கோப்பையின் அடியில் மிச்சமிருப்பதை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதுபோல, கெரட்டின் முதுகுக்குப் பின்னால், மூன்று மேசை தள்ளிக் கேட்டது.

முன்னாள் படைவீரர் கிளப்பில் தினமும் மாலை ஆறு மணிக்கு விளக்கை மங்கலாக்குவார்கள். பீர் குடிப்பவனும், சூதாட்ட இயந்திரத்தில் சம்பளத்தைத் தொலைப்பவனும் எழுந்து, போரில் போனவர்களுக்காகத் தலை குனிந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த நிமிடத்தில் அசைகிறவனை, கரும்பை நம்பிப் பிழைக்கும் அந்த ஊர் ஆயுசுக்கும் மன்னிக்காது. கெரட் அசையவில்லை. விளக்கு வந்ததும் திரும்பினான். மூன்றாவது மேசையில் ஆளே இல்லை.

அது திங்கட்கிழமை. செவ்வாயன்று இரண்டு மேசை தள்ளிக் கேட்டது.

அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டிய மார்னி, கடைசி நாட்களில் அவன் கடைப் படியேறி வரும்போது அப்படித்தான் மூச்சு விட்டாள். சிகரெட்டை விட்டுவிட்டு, திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் வேப்புக்கு மாறியவள். "வெறும் ஆவிதானே கெரட்?" என்று கேட்பாள். "ஆவிதான் கண்ணு, கெட்டிலப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா?" என்று கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பான். தீர்ந்துபோன வேப்புகளை அவனே கொட்டகையில் நிரப்பினான். மார்ச் மாதம் வாசனைத் திரவம் தீர்ந்தபோது, கேக்கில் ஊற்றும் மாம்பழ எசன்ஸைக் கலந்தான். எண்ணெயில் செய்தது என்று பாட்டிலில் போட்டிருந்தது. படித்தான். படித்துவிட்டுத்தான் ஊற்றினான்.

மார்னி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் புருஷன் ரெனோ கடைக்கு ஓடிவந்தான். "அதுல எண்ணெ ஏதாச்சும் இருக்கான்னு டாக்டரு கேக்குறாரு மச்சான். இருந்தா வேற வைத்தியமாம். நீ சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"சீல் ஒடைக்காத சரக்குடா. எண்ணெயா? ஒனக்கென்ன கிறுக்கா?"

பதினோரு நாள் நிமோனியாவுக்கு மருந்து கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். நுரையீரல் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது என்று பிறகு அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கெரட் மலர்வளையம் அனுப்பினான், மகராசன்.

புதனன்று பக்கத்து மேசை. கூடவே மாம்பழ வாசம்.

வியாழனன்று வீட்டிலேயே இருந்தான். ஆறு மணிக்கு ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. தெருநாயின் குரைப்பும், கூரையில் வவ்வால்களின் கீச்சொலியும், தூரத்தில் ஆலையின் இரைச்சலும் ஒவ்வொன்றாக அடங்க, அடுப்படியில் அவன் ஒருவன்தான் நின்றான். காதுமடலை ஒட்டி, நிதானமாக, ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவாள் என்று விடிய விடிய நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல், கூட்டம். ரெனோ தனியாக உட்கார்ந்திருந்தான். கெரட் எதிரே போய் உட்கார்ந்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும்டா."

"சொல்லு."

வாய்க்குள் வந்ததை பீரோடு சேர்த்து விழுங்கினான். "ஆறு தாண்டட்டும்."

விளக்கு மங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். தலைகள் குனிந்தன. கெரட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பின்னால் இல்லை. பக்கத்தில் இல்லை.

நெஞ்சுக்குள் கேட்டது.

அவன் மூச்சு இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். உள்ளே ஏதோ கொழகொழவென்று வழிந்தது. மௌனமாவது மண்ணாவது, சொல்லிவிட வேண்டும். எண்ணெய். அந்த ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான்.

புகை வந்தது. வெள்ளைப் புகை. நிற்கவே இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாக உள்ளே மடங்கியது. ஒரு தலைகூட நிமிரவில்லை.

விளக்கு வந்தது.

"டேய் கெரட்!" பாரில் பீர் ஊற்றிக் கொடுக்கும் க்ளெனிஸ் கத்தினாள். "உள்ள வேப் இழுக்காதன்னு எத்தன தடவடா சொல்றது? வெளிய போய்த் தொலை!"

நாலு பேர் சிரித்தார்கள். குலுக்கல் நம்பரை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ரெனோ மட்டும் அவன் கைகளைப் பார்த்தான். இரண்டும் மேசையைப் பிடித்திருந்தன. இரண்டும் வெறுங்கை. கெரட்டின் மோவாயில் எண்ணெய் வழிந்து சட்டையில் சொட்டியது. காப்பாற்றுடா என்று கண்ணால் கெஞ்சினான். ரெனோ மெல்ல முகர்ந்து பார்த்தான். மாம்பழ வாசம். முகம் கல்லாகிப் போனது. யாரையும் கூப்பிடவில்லை.

புகை கலையாமல் மேசையருகே நின்றது. ஒரு பெண் உயரத்துக்கு எழும்பியது. தோள் வந்தது, கழுத்து வந்தது. கெரட்டின் திறந்த வாயை நோக்கிக் குனிந்தது.

ரெனோ தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டான்.