வியாழக்கிழமைப் பயணம்

அந்த வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மாடி வீட்டில் ஒரே அமர்க்களம்! அடுத்த வியாழக்கிழமை விடுமுறைக்கு அப்துல் ஹமீது வாடகை மோட்டார் கார் பேசி முடித்துவிட்டான். கொழுந்தன் போட்ட சத்தம், அடுப்படியில் இருந்த ருக்கையாவுக்கும் கேட்டது.

“முதல்ல காத்தோங் கடற்கரை. பிள்ளைங்க சிப்பி பொறுக்கட்டும். அப்புறம் ஆத்து முகத்துவாரத்துல முதலை...”

“கடிக்குமா வாப்பா?” மகள் நஃபீசா துள்ளினாள்.

“உன் உம்மாவப் பார்த்தா அதுவே ஓடிரும். அப்புறம் பிடோக், சாங்கி. சாங்கியில மரம் பூரா பழந்தின்னி வௌவால்! மச்சி, உங்களுக்குத்தான் ஓரத்து இடம்!”

ருக்கையாவுக்கும் ஆசைதான். கப்பலைவிட்டு இறங்கிய நாளுக்குப் பிறகு அவள் கடலைப் பார்த்ததில்லை.

“நான் வரல தம்பி... நீங்க போய்ட்டு வாங்க.”

பயணத்துக்கென்று கிண்டிய தொதல் இனிப்பைத் தட்டில் ஏந்தி வந்த ஹமீதின் மனைவி ரஷீதா அப்படியே நின்றாள்.

“போன வியாழன் நான் சுட்ட பணியாரத்தத் தொடல. இப்ப பயணமும் வேணாம். எம்மேல அவ்வளவு வெறுப்பா லாத்தா?”

“யா அல்லா! அப்படிச் சொல்லாதே...”

“அப்ப வாயத் திறங்க!”

ரஷீதா ஊட்ட வந்த தொதலை ருக்கையா பதறித் தள்ளினாள். அது கீழே விழுந்தது.

“பார்த்தீங்களா! கையத் தட்டிவிட்டாங்க!” ரஷீதா விசும்பினாள்.

அப்துல் ஹமீதின் முகம் சுருங்கியது. “மச்சி வராம பயணமே வேணாம். மோட்டார்க்காரன்கிட்ட சொல்லிடுறேன்.”

நஃபீசாவின் உதடு பிதுங்கியது. அதைப் பார்த்ததும் ருக்கையாவால் தாங்க முடியவில்லை.

“நோன்பு வச்சிருக்கேன் ரஷீதா...”

“ரமலான் போய் எவ்வளவு நாளாச்சு! இப்ப என்ன நோன்பு?”

“மழைக்காலத்துல நஃபீசாவுக்குக் காய்ச்சல் கண்டு, டாக்டர் கையை விரிச்சாரே... புள்ள எழுந்து ஓடினா, வருஷம் முழுக்க வியாழன்தோறும் நோன்பு பிடிக்கிறதா நேர்ந்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரங்க, உங்க காக்காகிட்ட மட்டும் சம்மதம் கேட்டேன். அவங்களும் சரக்கெடுக்க நாகப்பட்டினம் போய்ட்டாங்க. வெளியில சொன்னா பெருமையடிச்ச மாதிரி ஆயிடுமே... பயணத்துல நீங்க எல்லாம் சாப்பிடுறப்ப நான் எப்படி மறைப்பேன்?”

ரஷீதா தட்டைக் கீழே வைத்தாள்.

“எம் புள்ளைக்காகவா... என் நாக்கு அழுகிப் போகணும் லாத்தா!” தொதல் ஒட்டிய கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறினாள். ருக்கையாவும் அழுதாள், பிறகு அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

“போதும் விடு... முக்காடெல்லாம் தொதல்!”

ரஷீதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, மோட்டார் மதியத்துக்கு வரட்டும். சாங்கி வரைக்கும் போயிட்டுத் திரும்புறப்ப, பொழுது சாய்ஞ்சு மஃரிபுக்குப் பிடோக் கடற்கரை. லாத்தா நோன்பு திறந்த பிறகுதான் எல்லாருக்கும் சாப்பாடு. அன்னைக்கு நானும் நோன்பு!”

“அப்ப முதலைகிட்டயும் சொல்லிடுறேன். அதுவும் ஒரு நாள் நோன்பு பிடிக்கட்டும்!” என்றான் அப்துல் ஹமீது.

நஃபீசா பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட ருக்கையா, அப்போதுதான் முதன்முறையாகப் பயணப் பேச்சில் கலந்துகொண்டாள்.

“நோன்புக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்குவோம் ரஷீதா! மோட்டார்ல சிந்தாம இருக்க, நல்லா மூடுற தூக்குச் சட்டி ஒண்ணு வாங்கணும்...!”