பத்து நிமிடச் சுழற்சி

அசையாமல் நிறுத்தி வைத்த குழாயில், ரத்தத்தின் அடியிலிருந்து ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. குதிகாலில் குத்தி எடுத்த துளி ரத்தம். பிறந்து ஒரு நாளான குழந்தையுடையது. லேப்காரருக்கு அது தங்கை பதினோரு வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. குழந்தை மூச்சுத் திணறுவது கிருமியாலா, நுரையீரல் முதிராததாலா என்பதை ரத்தத்திலிருக்கும் சில புரதங்களின் அளவு சொல்லிவிடும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்வார்.

ஜன்னலில் மதிய வெயில், ஸ்பிரிட் வாசனை, ஆடை படிந்து ஆறிப்போன டீ, குளிர்பெட்டியின் முனகல் எல்லாம் வழக்கம்போல இருக்க, குமிழிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு எழுபது. திணறும் குழந்தை அப்படித்தான் மூச்சு விடும்.

ரத்தத்தைச் சுழற்றி, சீரம் என்ற மஞ்சள் நீரைப் பிரித்தால்தான் பரிசோதனை. இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகவே குழாயை சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழலும் எந்திரத்தில் வைத்து மூடி, பத்து நிமிடத்துக்கு ஓடவிட்டது. எந்திரம் சுற்ற ஆரம்பித்ததும் இன்டர்காம் அடித்தது. குழந்தைகள் வார்டு நர்ஸ்.

"அண்ணா, யாரும் தொடல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழந்தை தானா சுத்துது."

கண்ணாடியில் எதுவோ மோதும் சத்தம். அதற்குப் பின்னால் தங்கையின் அலறல்.

ரிசீவர் கைநழுவித் தொங்கியது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. ஓடும்வரை மூடி திறக்காது; பாதுகாப்பாம். தீயணைப்பு உருளையைத் தூக்கி அடித்தார். மறுபடி அடித்தார். மூடி உடைந்தது. கையை உள்ளே விட்டார்.

இரண்டு விரல் போயிற்று. எலும்பு முறிந்த சத்தம் முதலில், வலி பிறகு. சுவரெல்லாம் ரத்தம். விடவில்லை. உள்ளங்கையைக் கொடுத்தார். சதை கிழிந்தது. எந்திரம் நின்றது.

குழாய் உடையவில்லை. மேலே மஞ்சள் நீர். கீழே கருஞ்சிவப்பு.

ரிசீவரை எடுத்தார். "குழந்தை?"

"நின்னுருச்சுண்ணா. ஆனா இடுப்புக்கு மேல மெழுகு மாதிரி மஞ்சளா இருக்கு. ரத்தமெல்லாம் காலுக்கு எறங்கிருச்சு. அக்கா தூக்கி மார்ல வெச்சுக்கிட்டாங்க."

"வாங்குங்க. அவகிட்டேருந்து வாங்குங்க."

"விட மாட்டேங்குதுண்ணா. அதுக்கு உதடு செவக்குது. அக்கா மொகம் மஞ்சளாகுது."

மடக் மடக்கென்று அது குடிக்கும் சத்தம் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.