பச்சை எரிந்தால்தான் புகார்

பன்னிரண்டாவது நாளாகக் காலிக் குடத்தைச் சாட்சிக்கு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மரியபுஷ்பம் தூத்துக்குடி புகார் மையத்துக்குள் நுழைந்தாள். முகம் மட்டும் கல்யாணப் பெண்ணுக்குப்போலப் பளபளத்தது. அவளுடைய எரிச்சலே அதுதான்.

"வாங்கக்கா, சாய்ஞ்சுக்கோங்க," என்றான் எழுத்தர் செல்வின்.

"முதல்ல எழுதிக்கோ தம்பி, பொறவு சாயுதேன். பதினாலு வீட்டுக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. மாமியாளுக்குப் படுக்கைப்புண்ணு, கழுவ வழியில்ல."

"கோவமா இருந்தா திரை தொறக்காதுக்கா. சட்டம்லா!"

அந்தச் சட்டம் வந்து இரண்டு வருடமாகிறது. புகார் சொல்ல வருகிறவர் முதலில் முகவருடி என்கிற இயந்திர நாற்காலியில் சாய வேண்டும். அதன் மெத்தென்ற விரல்கள் வெந்நீராவி விட்டு நெற்றியிலிருந்து தாடைவரை நீவும். முகத்து நரம்புகள் 'ஒன்றும் பயமில்லை' என்று மூளைக்குச் சேதி சொல்லும். நெஞ்சுத் துடிப்பு இறங்கும், பதற்றச் சுரப்பு குறையும், தோலுக்கு ரத்தம் பாய்ந்து பருவும் தடிப்பும் அடங்கும். முகத்தைப் பார்த்தே கோபத்தை அளக்கும் தணிமானியில் பச்சை எரிந்ததும் புகார்த்திரை திறக்கும். எல்லாம் நல்லதுதான், பாருங்கள்; அதற்குள் 'என்னத்துக்கு வந்தோம், சரி போகட்டும்' என்று ஆகிவிடும். பதினொரு நாளும் புஷ்பம் அப்படித்தான் புன்னகையோடு வீடு போய்ச் சேர்ந்தாள். மாமியாரின் முனகல் காதில் விழுந்த பிறகே தலையில் அடித்துக்கொள்வாள். மையத்துச் சுவரிலோ, 'இதுவரை வந்த புகார்கள்: பூஜ்யம்' என்று பெருமையாக ஒரு பலகை.

இன்று முகவருடி இரண்டு விரலை அசைத்தது, கரகரத்தது, நின்றுவிட்டது. ஆவித்தொட்டி வறண்டு கிடந்தது.

செல்வின் குழாயைத் திருகினான். காற்றுதான் வந்தது.

"இங்கயும் இல்லையா? இப்பமே மேலிடத்துக்கு எழுதுதேன் பாருங்க!"

திரையைத் தட்டினான். தணிமானி அவன் முகத்தைப் பார்த்துச் சிவப்பை எரித்தது: 'அமைதியடைந்தபின் வரவும்.' மறுபடி தட்டினான். சிவப்பு.

"மிசினே ஓடல, நான் எப்படிலே அமைதியாவ?" என்று அதை ஒரு குத்து குத்தினான். சிவப்பு இன்னும் கூடியது.

புஷ்பத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். "கோவப்படாதீய தம்பி... சட்டம்லா! கொஞ்சம் சாய்ஞ்சுக்கோங்க..."

சிரித்து ஓய்ந்து அவள் பெருமூச்சு விட்டபோது, தணிமானியில் பச்சை. யாரும் நீவாமல் வந்த பச்சை என்பதால் வந்த காரியம் மறக்கவில்லை. தெரு, வீடுகள், பன்னிரண்டு நாள், மாமியாரின் புண் என்று மடமடவெனச் சொல்லி முடித்தாள். பலகையில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது.

மறுகணமே திரையில் பதிலும் வந்தது. செல்வின் உரக்க வாசித்தான்.

'புகார் பெறப்பட்டது. புகார்தாரர் மிக அமைதியாக இருக்கிறார். ஆகவே அவசரமில்லை.'

புஷ்பம் குடத்தைத் தூக்கித் திரைமேல் ஓங்குவதற்குள், தணிமானி அவளுக்கும் சிவப்பை எரித்துத் திரையை மூடிக்கொண்டது.